ஒரு லட்சம் கோழியும் ஒரு நாய் வயிறும்

எங்கள் நாய்க்குப் பெயர் உண்டு. சொல்ல மாட்டேன். இங்கே பாதிப் பேச்சு அதன் பீயைப் பற்றித்தான். பெயரையும் சொல்லி அதன் மானத்தை வாங்க வேண்டாம். பழுப்பு நிறம், நாட்டு நாய், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் பிறந்து, உடைந்த முட்டையும் கோழித்தலையும் தின்று, மூன்று மாதக் குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான் கோழித்தீவன மில்லில் வேலை பார்க்கிறவன். மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் எழுதிக் கொடுத்ததைத் தின்றுதான் ஒரு லட்சம் கோழி முட்டை போடுகிறது. முட்டை ஓடு மெலிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். கோழி எச்சம் தண்ணியாகப் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் வீட்டு நாய்க்கு வயிறு நிற்கவில்லை. ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

நாய்க்கு நாலு வயசாகும்போது ஆரம்பித்தது. பேதி. ரெண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் வாசலைக் கழுவிவிட வேண்டியிருக்கும். அப்புறம் வாந்தியும் சேர்ந்துகொண்டது. தயிர்சோறு கொடுத்துப் பார்த்தோம், மாதுளைத் தோலை அரைத்துக் கொடுத்துப் பார்த்தோம், பூச்சி மருந்து, பாக்கெட் தீனி எல்லாம் ஆச்சு. என் மனைவியின் பெரியம்மா வந்து, "கண்ணு பட்டிருக்குது சாமி" என்று நாயைத் தடவிக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனார். கயிறு நின்றது, பேதி நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரருக்குத் தினமும் இதே வேடிக்கை. "நாய் வயித்துல நெய் தங்காதும்பாங்க. உங்க நாய்க்குத் தண்ணியே தங்க மாட்டேங்குதுங்களே" என்றார். அவரைக் கடிக்கச் சொல்லலாம் என்றால் நாய்க்குத் தெம்பில்லை.

இருபத்திரண்டு கிலோ இருந்தது பதினாறுக்கு வந்துவிட்டது. கடைசியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, உட்கார வைத்துச் சொன்னார். இது நாள்பட்ட குடல் நோய், முழுசாகப் போகாது, சாப்பாடு அமைந்தால் கட்டுக்குள் இருக்கும். இதுவரை வாயில் வைக்காத ஒரு கறி, அதோடு ஒரு கிழங்கோ தானியமோ. எட்டு வாரத்துக்கு அது இரண்டும் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. காலையும் சாயந்திரமும் ஒரு மாத்திரை. "இன்னும் எளைச்சுதுன்னா தாங்காதுங்க" என்றார். என் மனைவி நாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வாயில் வைக்காத கறி எது என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் வைத்தேன். ஆடு? ஞாயிற்றுக்கிழமை எலும்பெல்லாம் எங்கே போனது என்று நினைக்கிறீர்கள். காடை? என் தம்பி வாங்கி வந்தபோது அதற்கும் ஒரு கால் கிடைத்திருக்கிறது. முயல்? அதுவே ஒரு தடவை காட்டில் பிடித்துத் தின்றுவிட்டு வந்தது. பன்றி என்று வாயைத் திறந்தேன். "எங்க அடுப்புல அது ஏறாதுங்க" என்றாள் மனைவி. மீன் மிஞ்சியது. அவளுக்கு மீன் வாடை ஆகாது, அதனால் எங்கள் வீட்டில் மீன் வாங்கியதே இல்லை. மேட்டூர் ஜிலேபி மீனும் சேந்தமங்கலம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் என்று முடிவாயிற்று. மீன் வாடை ஆகாதவள்தான் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வேகவைத்து, முள்ளு முள்ளாக எடுத்துப் போட்டாள்.

நான் என்ன செய்தேன்? நோட்டுப் போட்டேன். தேதி, எடை, பீயின் பதம். ஒன்று என்றால் தண்ணி, ஐந்து என்றால் கெட்டி. மில்லில் மூட்டை நிறுக்கிற தராசில் வாரா வாரம் நாயை ஏற்றினேன். லோடுமேன்கள் சுற்றி நின்று, "என்னங்க, நாயையும் அரைச்சுப் போடப் போறீங்களா?" என்று கேட்டார்கள். பிரிட்ஜ் கதவில் சட்டதிட்டம் எழுதி ஒட்டினேன். மாத்திரையை மட்டும் யாரையும் நம்பி விடவில்லை. அது என் பொறுப்பு.

ஐந்து வாரம் போயிற்று. நோட்டில் ஒன்று, ஒன்று, ரெண்டு, ஒன்று. எடை பதினைந்துக்கு வந்தது. தீவனத்தில் தப்பில்லை, நான் எழுதிய தீவனத்தில் எப்படித் தப்பு வரும்? அப்படியானால் யாரோ திருட்டுத்தனமாக எதையோ போடுகிறார்கள். பால்காரரைச் சந்தேகப்பட்டேன், எதிர்வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் என் மனைவியை. இளகின மனசு அவளுக்கு. நாய் முகத்தைத் தூக்கிப் பார்த்தால் பிஸ்கெட் டப்பா தானாகத் திறந்துகொள்ளும். நாயின் வாயை முகர்ந்து பார்த்தேன். பிறகு அவள் கையை இழுத்து முகர்ந்து பார்த்தேன்.

"ஏனுங்க, இங்க அது நாயா, நீங்க நாயா?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை தராசு பதினாலு காட்டியது. விலா எலும்பை எண்ணலாம். மில்லிலிருந்து வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வந்ததும் கத்தினேன். என்ன போட்டாய், எப்போது போட்டாய், உண்மையைச் சொல். "மீனும் கெழங்குந்தானுங்க, என் தலைமேல சத்தியமா" என்றாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்கு அந்த மட்டும் இல்லை. "எதுதான் உன் கையில தங்குச்சு?" என்று கேட்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு தடவை கரு நின்று, இரண்டு தடவையும் நாலாம் மாசத்தில் போய்விட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதுக்கே கேட்டது. அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் வாழப்பாடியிலிருந்து சகலை காரோடு வந்து நின்றார். அவள் தங்கையின் வீட்டுக்காரர். நாயைத் தூக்கிக் காரில் வைத்தாள். மீன் சட்டி, மாத்திரை அட்டை, பிரிட்ஜில் ஒட்டியிருந்த என் சட்டதிட்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். "இது பொழைக்கோணுமுங்க. அதுக்குத்தான் கூட்டீட்டுப் போறேன். நீங்க நோட்டப் பாத்துட்டு இருங்க" என்றாள்.

நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. நாய் அங்கே செத்துப் போனால் பழியை அவள் தலையில் போட வசதியாக இருக்கும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அவ்வளவு நல்லவன் நான். ஹோட்டல் இட்லியைத் தின்றுவிட்டு, வாசலைக் கழுவ வேலையில்லாமல், வீட்டுக்குள் சும்மா நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து சகலை ஒரு வீடியோ அனுப்பினார். எங்கள் நாய் அவர் வீட்டு ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சேலம் போய், ஆத்தூர் பஸ் ஏறி வாழப்பாடியில் இறங்கினேன். நாய் ஓடி வந்து என்மேல் ஏறியது. மனைவியை எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் தோட்டத்துக்குப் போய் அது போட்டிருந்ததைப் பார்த்தேன். ஐந்து. சுத்தமான ஐந்து!

"என்ன போடற?"

"நீங்க எழுதுனதுதான். மீனும் கெழங்கும்."

சட்டியைத் திறந்து பார்த்தேன். அதேதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தண்ணி! நம்மூருத் தண்ணியில உப்பு ஜாஸ்தி. இங்க தண்ணி மாறிருச்சு, அதான்" என்று தீர்ப்புச் சொன்னேன். சகலை தலையாட்டினார். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயந்திரம் நான் கிளம்புகிற நேரம். அவள் முற்றத்தில் உட்கார்ந்து நாயை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள். வாயைப் பிளந்து, மாத்திரையை அடிநாக்கில் வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவிவிட்டாள். நாய் விழுங்கிவிட்டு வாலாட்டியது.

"முட்டை எங்க?" என்று கேட்டேன். என்னைக் காட்டிக்கொடுத்த அந்த வாய் என்னுடையதுதான்.

"என்ன முட்டைங்க?"

விஷயம் இதுதான். தீவன மில்லில் மருந்தை அப்படியே கலக்க முடியாது. முதலில் கொஞ்சம் தவிட்டில் கலந்து, அந்தத் தவிட்டைத் தீவனத்தில் போடுவோம். அந்தத் தவிட்டை யாரும் தீனி என்று எண்ணுவதில்லை. அது மருந்து ஏறி வருகிற வண்டி, அவ்வளவுதான். நானும் மாத்திரையை அப்படித்தான் கொடுத்தேன். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உருட்டி, நடுவில் மாத்திரையை வைத்து. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. ஒரு நாள் தவறவில்லை. நோட்டில் அதை எழுதவும் இல்லை. மீனும் கிழங்கும் தவிர எதுவும் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன வயிற்றுக்கு ஆறு வாரம் தினமும் ரெண்டு மஞ்சள் கருவை என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன்.

"வேகவெச்சு வெச்ச முட்டைய நீங்க திங்கறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

சகலை மெதுவாக எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"எதைச் சொல்றீங்க? முட்டையவா, அன்னிக்குப் பேசுனதையா?"

"ரெண்டையுந்தான்."

"முட்டைய இது மறந்துருமுங்க. அது நாயி" என்றாள். நாயை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் கடைசி பஸ்ஸுக்குத் தனியாகத்தான் நடந்தேன்.

பத்து நாள் கழித்து இருவரும் வீடு திரும்பினார்கள். இப்போது ரெண்டு வருஷம் ஆகிறது. நாய் இருபது கிலோ. மீன் வேகவைப்பதும் முள் எடுப்பதும் இப்போது என் வேலை; தெருவே நாறுகிறது, நாறட்டும். மாத்திரை பாதியாகக் குறைந்துவிட்டது, அதை அவள்தான் போடுகிறாள். எங்களுக்குள் சண்டைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. என் குறட்டை, என் தம்பி, நான் துண்டைக் கட்டில்மேல் போடுவது என்று எதையும் அவள் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு சண்டையிலும் இதோ இப்போது எடுப்பாள் என்று காத்திருக்கிறேன். அந்த ஒரு பேச்சை மட்டும் இன்றுவரை அவள் வாயில் எடுக்கவில்லை. செருப்பால் அடித்த மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டாள் என்றால் நான் நிம்மதியாகச் சோறு தின்பேன்.