கொல்லை மண்ணில் ஐந்து வில்லைகள்

கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். என் மனைவி ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவள். ‘மக்கிவிட்டது’ என்பதும் ‘காணவில்லை’ என்பதும் ஒன்றல்ல என்று பலமுறை சொன்னவள். அவளைப் பற்றி எழுதும்போது அந்த ஒழுங்கை மீற எனக்கு உரிமையில்லை.

போதை தராத கஞ்சாச் செடியின் தண்டுநாரைச் சோளத்திலிருந்து எடுத்த பிசினோடு சேர்த்து, நெகிழிக்கு மாற்றான ஒரு பொருளை அவளும் உடன்பணியாளர்களும் உருவாக்கிவந்தனர். வலியசாலையில் எங்கள் தெருவினர் அவளுக்கு இட்ட பெயர் ‘கஞ்சா மாமி’. அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். ஆய்வுக்கூடத்துச் சூட்டில் அப்பொருள் மக்கியது. வெறும் மண்ணில் மக்குமா என்பதே அவள் கவலை. நோய் முற்றிய பின் ஒரு காலையில், அப்பொருளால் செய்த ஐந்து மெல்லிய பழுப்பு வில்லைகளைக் கொல்லையில், கிணற்றுக்கு அப்பால் புதைத்தாள்.

“அடையாளத்துக்கு ஒரு குச்சியாவது நடட்டுமா?” என்றேன்.

“வேண்டாம். குச்சி இருந்தா நீங்க தினம் தோண்டிப் பார்ப்பேள். அடுத்த ஓணம் கழிஞ்சு தோண்டினா மதி, அது போறும். நான் இல்லேன்னாலும் தோண்டணும், கேட்டேளா?”

சில மாதங்களில் இறந்தாள்.

எங்கள் வழக்கப்படி, வீட்டில் ஒரு குழி எடுத்துக் கல் ஊன்றி, இறந்தவருக்காகப் பத்து நாள் எள்ளும் நீரும் வார்க்க வேண்டும். “குழி எங்கே எடுக்கலாம்?” என்றார் சாஸ்திரிகள். கொல்லையில் மண் எங்கே இளகியிருந்ததோ அங்கே என் கை நீண்டது. ஏன் இளகியிருந்தது என்று நான் நினைக்கவில்லை. பத்தாம் நாள் கல்லைப் பிடுங்கியபோது மண்ணோடு பழுப்பாக, மெல்லியதாக ஏதோ வந்தது. சருகென்று எண்ணி உற்றுப் பார்க்கவில்லை. கல்லையும் குழிமண்ணையும் கரமனையாற்றில் விட்டோம்.

ஓணம் கழிந்து தோண்டினேன். முழங்கை ஆழம்வரை ஒன்றுமில்லை. மண்ணில் கை இருக்கும்போதே, அதே இடத்தில் ஊன்றிப் பிடுங்கிய அந்தக் கல் நினைவுக்கு வந்தது. கையை எடுக்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் அவளுடன் பணிபுரிந்த நாகர்கோவில்காரி தொலைபேசியில் கேட்டாள்: “மக்கிப் போச்சா சார்? போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அக்கா பேரோட அறிக்கையில சேர்த்திரலாம்.”

சொல்லியிருந்தால் என் மனைவியின் பெயர் அறிக்கையில் நின்றிருக்கும். “காணவில்லை” என்றேன்.

கரமனைப் பாலத்தைக் கடக்கையில், மிதந்துபோகும் ஒவ்வொரு சருகிலும் என் கண் நிற்கிறது. அந்த வில்லைகள் எங்கள் கொல்லை மண்ணில் மக்கினவா, மக்காமலே ஆற்றோடு போயினவா என்பது எனக்குத் தெரியாது.