விதைக்கு விட்ட வெங்காயப்பூ

பிள்ளைகளே, இந்தக் குளிர்நாட்டில், அம்மருட் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பல்கனியில் உங்கள் அம்மா தொட்டிகளில் வெங்காயம் வளர்த்தார். ஒரு குளிர்காலத்தைத் தாண்டினால்தான் வெங்காயம் பூத்து விதை தரும் என்று, பழைய கம்பளியால் தொட்டிகளைச் சுற்றிப் பனிக்குள்ளேயே விட்டிருந்தார். வருத்தம் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகும், "விதையைப் பார்த்திட்டுத்தான் போவன்" என்பார்.

கோடையில் மொட்டு வந்தது. விதை கட்டுமுன் அம்மா போய்விட்டார்.

செத்தவீட்டில் நாங்கள் சமைப்பதில்லையே. பக்கத்து வீட்டு அக்காதான் சமைத்துக்கொண்டு வந்தார்.

"உங்கடை பல்கனியிலை நல்ல பிஞ்சு வெங்காயப்பூ நிண்டது தம்பி. முறிச்சு வறை வறுத்தனான். பிள்ளையளுக்கும் குடுங்கோ."

அது விதைக்கு விட்டதென்று அவருக்குத் தெரியாது; சட்டியை வாங்கிக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு அது நல்ல கறிதானே.

நாட்கணக்காகச் சோற்றைத் தொடாத நீங்கள் இருவரும் அன்று இன்னும் கொஞ்சம் கேட்டீர்கள். என் பங்கையும் உங்கள் சோற்றுக் கோப்பையில் போட்டேன்.