களத்துக்கு மேலே மங்கிய நட்சத்திரம்

காப்பிக்கொட்டை காயும் வாசனை எங்கே அடித்தாலும் மரியஅந்தோணிக்கு நாகலூர்க் களம் ஞாபகம் வந்துவிடும். எழுபதுகளில் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் கணக்கு எழுதும் ரைட்டர். தை மாதத்தில், பொழுது சாய்ந்ததும் கொட்டையைக் குவித்துவிட்டு ஒரு நட்சத்திரத்தைப் பார்ப்பார். அது மங்கினால் பனி ஏறுகிறது என்று அர்த்தம். அவர் குரல் கொடுக்க, ஆட்கள் படுதாவைப் போர்த்துவார்கள். மனைவி அமலியும் அதைப் பார்த்துத்தான் அவர்களுக்குக் கடுங்காப்பிக்கு உலை வைப்பாள்.

ஒரு வருஷம் சில்வர் ஓக் மரம் வளர்ந்து பழைய நட்சத்திரத்தை மறைத்துவிட்டது. உச்சிக்கு வடக்கே, அமலிக்கும் காட்டி, வேறொன்றைப் பிடித்தார். பிடித்தாரே, சனியனை! அது மங்கியது, அவர் கத்தினார், பனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ரைட்டருக்குப் புழுங்குதாட்ட இருக்குது, பனியக் கூப்புடுறாரு" என்றாள் களத்து வேலைக்காரி குப்பாயி. களமே சிரித்தது.

அவரும் சிரித்து வைத்தார். ஆனால் கண் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார் மனுஷன். கண் தெரியாத ரைட்டரை எந்த எஸ்டேட் வைத்துக்கொள்ளும்? வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். அதன்பின் பொழுது விழுமுன்பே போர்த்தச் சொல்லிவிட்டார். நட்சத்திரம் மங்கினாலும் அமலியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெயமேரி, மிஷன் பள்ளி அறிவியல் டீச்சர், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ரைட்டரண்ணா, உச்சிக்கு வடக்கே அந்த அல்கோல் நட்சத்திரம் மங்கிருக்குது, பாத்தீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கும் மங்கலாத் தெரியுதுங்களா?"

"எல்லாருக்குந்தானுங்க. அது ஒண்ணில்ல, ரெண்டு. நொம்ப நெருக்கமா ஒண்ணையொண்ணு சுத்துது. மூணு நாளைக்கு ஒருக்கா மங்கலானது வந்து பிரகாசமானத மறைச்சிரும். அந்த மங்கலானதுதான் ஒரு காலத்துல கனமா இருந்துச்சுங்க. வயசாகி ஊதிப்போயி, தன் உடம்பையே மத்ததுக்கு ஊத்திருச்சு."

மரியஅந்தோணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் பின்னால் விசும்பல் கேட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு அமலி நின்றாள்.

"அப்ப என்ற கண்ணும் நல்லாத்தான் இருக்குதுங்களா, டீச்சர்? அது மங்கிக் கெடக்கும், இவுங்க ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. நாந்தான் குருடாகறேன்னு, இவுங்ககிட்டச் சொல்லாமயே இருந்தனுங்க."