சிரிப்பை அடக்கிய தெரு

போன வருடம் மாசி மாதம். ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரைக் கிராமம். அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் பேசப் போயிருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த வாயை வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்பதால், மைக் கிடைக்கிற ஊருக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். கைத்தட்டல் என்றால் அவ்வளவு ஆசை. ஏதாவது ஊரில் கைத்தட்டல் குறைந்தால் மைக் செட்காரர் மேல் பழியைப் போடுவேனே தவிர, என் பேச்சைக் குறை சொல்லவே மாட்டேன்.

அன்றைய தலைப்பு, 'ஒரு நாட்டு மக்கள் மகிழ்ச்சியாக வாழப் பெரிதும் தேவை பணமா, சுற்றமா?' நான் பணம் கட்சி. பஸ்ஸில் போகும்போதே போனில் துழாவினேன். எந்த நாட்டு மக்கள் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வருடா வருடம் ஒரு பட்டியல் போடுகிறார்கள் அல்லவா, அதில் முன்னால் நிற்பதெல்லாம் பணக்கார நாடுகள். நம் நாட்டைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போனேன், பஸ் அறந்தாங்கிக்கே வந்துவிட்டது. ஆகா, நல்ல பாயின்ட் மாட்டியது என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

அதோடு எனக்கென்று ஒரு ஜோக் உண்டு. "புருஷன் அக்கரையில, பணம் இக்கரையில, டிவி ரிமோட் என் கையில. ஒரு பொம்பளைக்கு இதவிட வேற என்னங்க சந்தோஷம் வேணும்?" வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய் என்று போயிருக்கிற எங்கள் பக்கத்தில் இதற்கு விசில் பறக்கும்.

ஊருக்குள் இறங்கியதுமே என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. தெரு முழுக்க சீரியல் பல்பு போட்டிருக்கிறார்கள். குழாயில் சாமி பாட்டு ஓடுகிறது, ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி மெதுவாக. ஓடிப் பிடித்து விளையாடிய பிள்ளைகளை ஓர் அம்மா, "கத்தாதீங்கடா" என்று உள்ளே இழுத்துப் போனாள். திருவிழா நாளில் எந்த ஊரில் பிள்ளைகளைக் கத்தக்கூடாது என்பார்கள்?

ஒரு வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். விழாக் கமிட்டிக்காரர் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தெருப் புள்ள ஒருத்தன், போட்டுல மீனுக்குப் போனவன், கடல் எல்லை தாண்டிட்டான்னு சொல்லி அக்கரையில புடிச்சு வச்சிருக்காங்க. கூடப் போனவங்கல்லாம் வேற ஊரு. காப்புக் கட்டிட்டோம், திருவிழாவ நிறுத்த முடியாது. ஆடல் பாடல மட்டும் வேணாம்னுட்டோம். நீங்களும் கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

"பாத்துன்னா?"

"ரொம்ப சிரிக்க வச்சிராதீங்க."

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அக்கரை ஜோக்கை இங்கே எடுத்து விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நல்லவேளை, முன்கூட்டியே சொன்னார்கள். அதைத் தலைமுழுகிவிட்டு, பட்டியலை மட்டும் படித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

டம்ளரைக் கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். நான்தான் பேச வந்தவளா என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுக்காரரைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றாள். அவளே தொடர்ந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நல்லா சிரிக்க வச்சிருங்கக்கா. எம் முன்னாடி சிரிச்சா நான் வெசனப்படுவேன்னு தெருவே வாயப் பொத்திக்கிட்டுத் திரியுது. எதுத்த வீட்டுல புள்ளைக்குக் காதுகுத்து வச்சிருந்தாங்க, அதயும் தள்ளிப் போட்டுட்டாங்க. எல்லாரும் நல்லவங்கதான், நான் கொற சொல்லல. ஆனா எழவு வீடு மாதிரி இருக்குக்கா. அவரு உசுரோடதான இருக்காரு? இவங்க இப்புடி சிரிக்காம இருக்க இருக்க, அவரு வரவே மாட்டாருன்னு எல்லாரும் சேந்து சொல்ற மாதிரி இருக்குக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வந்து முன்னாடி ஒக்காரும்மா, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

ஏழு மணிக்குப் பட்டிமன்றம் ஆரம்பித்தது. அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் பேசிய இருவரும் நல்ல பேச்சாளர்கள்தான், ஆனால் ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஜோக்குக்கும் கூட்டம் முழுவதும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. ஓர் ஆள் 'ஹ' என்று ஆரம்பித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

என் முறை வந்தது. மேடைக்குக் கீழே கமிட்டிக்காரர் கையை மேலும் கீழும் ஆட்டி, 'மெதுவா, மெதுவா' என்கிறார். இரண்டாவது வரிசையில் அவள் கண் இமைக்காமல் என்னையே பார்க்கிறாள். பட்டியல் எங்கே போனதோ தெரியவில்லை, வாயில் என் வீட்டுக்காரர்தான் வந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு மீன் வாங்கத் தெரியாதுங்க. புதுக்கோட்டை மார்க்கெட்டுல ஒரு அம்மா பாவம் பாத்துச் சொல்லிக் குடுத்துச்சு. சார், செவுளத் தூக்கிப் பாருங்க, செவப்பா இருந்தா நல்ல மீனுன்னு. அன்னையிலருந்து எதப் பாத்தாலும் செவுளு செவுளுன்னு ஒரே பேச்சு. போன வாரம் எனக்குச் சரியான காய்ச்சல். கண்ணே தொறக்க முடியல. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னேன். இரு இருன்னு பக்கத்துல வந்தாரு. என் காதத் தூக்கிப் பாத்தாரு. செவப்பாத்தான் இருக்கு, இன்னும் கெட்டுப்போகலன்னுட்டுப் போயிட்டாரு!"

ஒரு சத்தமும் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு உதடு துடிக்கிறது, ஆனால் எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. ஐயோ பாவி, அழ வைத்துவிட்டேனே என்று மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் சிரிக்கிறாள். முந்தானையை எடுத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆத்தாடி, காதயா தூக்கிப் பாத்தாரு!" என்றாள்.

அவ்வளவுதான், தெருவே வெடித்துவிட்டது. நாள் கணக்காக அடக்கி வைத்திருந்த சிரிப்பு இல்லையா, நிற்கவே இல்லை. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஓர் அண்ணன் பக்கத்தில் இருந்த மனைவியின் காதைத் தூக்கிப் பார்த்துச் செல்லமாக ஓர் அடி வாங்கினார். பிள்ளைகள் மாற்றி மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டு கத்தின, யாரும் அதட்டவில்லை. ரொம்ப சிரிக்க வைக்காதீர்கள் என்று சொன்ன கமிட்டிக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

நான் சொன்னேன். இன்னொன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் நடுவர், "நீங்க பணம் கட்சிங்கிறதாவது ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார். உண்மையில் மறந்துதான் போயிருந்தேன். மகிழ்ச்சிக்குத் தேவை சுற்றமே என்று தீர்ப்பு வந்தது. எங்கள் கட்சி தோற்றுப்போனது. மைக் செட்காரர் மேல் நான் பழி போடவில்லை.

கிளம்பும்போது எதிர்வீட்டு அம்மா அவளிடம் வந்து, காதுகுத்தை வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் மொத ஆளா வந்து நிப்பேன்" என்றாள் இவள். ஏஜென்ட் புத்தி, என் போன் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஜெகதாப்பட்டினம் என்று செய்தியில் எங்கே வந்தாலும் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பேன். சித்திரை பிறந்த பிறகு ஒரு காலையில், இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது புது நம்பரில் இருந்து போன் வந்தது.

"அக்கா, அவரு வந்துட்டாருக்கா!"

குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். எப்படி இருக்கிறார், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"எளச்சுப் போயிட்டாரு. ஆனா வாசல்ல வந்து நின்னதும் மொத வேலயா காதத் தூக்கிப் பாத்துட்டேன்க்கா. கெட்டுப்போகல!"

பின்னால் அந்தத் தெருவே சிரிப்பது போனில் கேட்டது. மாவுக் கரண்டியைப் பிடித்தபடி அடுப்படியிலேயே நின்று அழுதேன். இந்த வருடமும் அந்த நாடுகளின் பட்டியல் வந்தது, நம் நாடு எங்கேயோ கீழே கிடந்தது. எனக்கோ, அவள் சிரிக்காமல் தாங்கள் சிரிக்கக்கூடாது என்று காத்திருந்த மனிதர்களும், அவர்கள் சிரிக்க வேண்டும் என்று அத்தனை வேதனையிலும் வந்து முன்னால் உட்கார்ந்த அவளும் நினைவுக்கு வர, இவர்களோடு ஒரே மாவட்டத்தில் இருக்கிறேன் என்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது.