நங்கூரத்தை அவிழ்க்க விடாத வீரணன் அண்ணன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். வீரணன் அண்ணனின் மனைவி ராஜாத்தி அக்கா போனில் அழைத்தார். "தம்பி, காபி ஆறிப்போச்சு. ஒங்கண்ணன எழுப்பி எழுப்பிப் பாக்குறேன், எந்திரிக்க மாட்டேங்குறாரு" என்றார். அந்தக் குரலில் பதற்றமே இல்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணன் ஊருக்குப் போக உசிலம்பட்டி வண்டியில் ஏறினேன்.

வீரணன் அண்ணனும் நானும் பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நான் அலுவலக எழுத்தர். அவர் பிரேக் பிரிவில் மெக்கானிக். ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள், கூட்டம் நெரிகிறது, வண்டியை உடனே வெளியே விடு என்று மேலாளர் சத்தம் போட்டார். அண்ணன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். அங்கிருந்தபடியே சொன்னார்: "லேட்டாப் போனா திட்டுவாய்ங்க சார், வாங்கிக்கிருவோம். நிக்காமப் போயிருச்சுன்னா திட்டுறதுக்கு ஆளு இருக்காது."

அவருக்கு ஒரே மகன், கண்ணன். கனடாவுக்குப் போய் லாரி ஓட்டினான். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில், உடன் தங்கியிருந்த வாடிப்பட்டிப் பையன் சுரேஷையும் கூட்டிக்கொண்டு, வாடகைப் படகில் அங்குள்ள பெரிய ஆற்றில் மீன் பிடிக்கப் போனான். படகு மூழ்கியது. சுரேஷ் கரையேறினான். கண்ணன் கிடைக்கவில்லை. பத்து நாள் தேடிவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

உடல் இல்லாமல் கருமாதி செய்ய அண்ணன் சம்மதிக்கவில்லை. தானே போய்த் தேடக் கனடாவுக்கு விசா கேட்டார், கிடைக்க எட்டு மாதமானது. ஆறு மாதம் தங்கலாம் என்று அனுமதி வந்ததும் புறப்பட்டார். அதுவரை அவர் சென்னையைத் தாண்டியதில்லை. நீச்சலும் தெரியாது.

போய் ஒரு மாதம் இருக்கும். சுரேஷ் அனுப்பிய படம் ஒன்று உறவினர்களின் வாட்ஸப்பில் சுற்றியது. உயிர்காப்புச் சட்டை போட்டு, கையில் தூண்டிலோடு அண்ணன் படகில் உட்கார்ந்திருந்தார். "மகனத் தண்ணிக்குக் குடுத்துட்டு அதே தண்ணியில மீன் பிடிக்கிறான்யா" என்று ஊர் பேசியது. என் மனமும் அப்படித்தான் பேசியது. அதை மறைத்து இன்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவரை அழைத்து, "எப்பிடிண்ணே ஒங்களால முடியுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணன் மூழ்கிய மடுவில் பகல் முழுக்க நிற்பவை ஸ்டர்ஜன் பிடிக்கும் படகுகள் மட்டும்தானாம். ஸ்டர்ஜன் ஆற்றின் அடித்தரையில் மேயும் மீன். ஆளைவிட நீளமாக வளரும், நூறு வயதுவரைகூட இருக்கும் என்றார். அதைப் பிடித்தாலும் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். தேடுதலுக்கு வந்திருந்த ஒரு வயதான படகுக்காரர் அண்ணனைத் தினமும் ஏற்றிக்கொண்டார். "சும்மா ஒக்காந்தா அந்த மனுசன் என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு தம்பி. கம்பு கையில இருந்தா அவரு வேலையப் பாப்பாரு. நான் தண்ணியப் பாப்பேன்."

முதல் நாள் நடந்ததையும் அன்றுதான் சொன்னார். படகுக்காரர் முதல் பாடமாக நங்கூரத்தைக் காட்டி என்னவோ சொல்லியிருக்கிறார். மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய சுரேஷ் வாய் திறக்கவில்லை.

"என்னப்பா சொல்றாரு?"

"நங்கூரக் கயித்த முன்னாடிதான் கட்டணுமாம்ப்பா. பின்னாடி கட்டுனா இழுப்புத் தண்ணி ஏறிப் படகு முங்கிருமாம்."

"சரி."

"நாங்க பின்னாடி கட்டியிருந்தோம்ப்பா. கண்ணன்தான் கட்டுனான்."

இதைச் சொல்லிவிட்டு அண்ணன், "ஊரு வண்டிக்கெல்லாம் பிரேக் பாத்தேன். எம்மகனுக்கு ஒரு வண்டிய எங்குட்டுக் கட்டி நிறுத்தணும்னு சொல்லிக் குடுக்கலயே" என்றார். சமாதானமாக என்னவோ சொன்னேன். அது அவர் காதில் ஏறியிருக்காது.

அதன்பின் அவர் தொழிலை ஒழுங்காகவே கற்றார். சால்மன் முட்டைகளை மெல்லிய காலுறைத் துணியில் முடிந்து கொக்கியில் கோக்கவும், அந்த இழுப்பிலும் இரை அடித்தரையிலேயே கிடக்கும்படி ஈயக்குண்டு கட்டவும் பழகினார். அவ்வளவு பெரிய மீன் கோழி கொத்துவதுபோல் மெதுவாகத்தான் இரையைத் தொடுமாம். கம்பின் நுனியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பார்.

ஐந்தாம் மாதம் ஒரு மீன் மாட்டியது. படகின் நீளத்துக்குப் பாதி இருக்கும் என்றான் சுரேஷ். ஒருமுறை தண்ணீருக்கு மேலே முழுசாக எழும்பி விழுந்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட மீன் மாட்டினால் நங்கூரக் கயிற்றை மிதவையோடு அவிழ்த்துவிட்டு, படகு மீனின் பின்னாலேயே போக வேண்டும். படகுக்காரர் கயிற்றில் கை வைத்ததும் அண்ணன் கத்தியிருக்கிறார்: "அவுக்காதீக! நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்!" தமிழில்தான் கத்தினார். படகுக்காரர் கையை எடுத்துவிட்டார். தூண்டில் நரம்பு ஓடித் தீர்ந்து அறுந்தது. மீன் போய்விட்டது.

கண்ணன் கிடைக்கவில்லை. ஆறு மாதம் முடிந்து அண்ணன் திரும்பி வந்தார். மறுபடி போக இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சோறு குறைந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ராஜாத்தி அக்கா கையில் வைத்தால் விழுங்குவார், மறந்தால் கேட்க மாட்டார்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். கிளம்பும்போது அவராகவே பேசினார். "சாயந்தரம் நங்கூரத்தத் தூக்குறப்ப, 'நாளைக்கு வாரேன்டா'ன்னு அவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வருவேன் தம்பி."

"கடைசி நாளு என்னண்ணே சொன்னீக?"

"ஒண்ணும் சொல்லல. வாரேன்னா பொய்யாயிரும். போறேன்னு சொல்ல வாய் வரல."

செவ்வாய்க்கிழமை மாலை அவருடைய தம்பி மகன்தான் கொள்ளிக்குடம் தூக்கினான். கனடாவிலிருந்து சுரேஷ் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ பிடித்திருந்த போனில் அவன் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. எரியூட்டி வந்தபின் ராஜாத்தி அக்கா வாசலுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இனி அப்பன், மகன் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கருமாதி செய்ய வேண்டும் என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துக்க வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி நடந்தேன், அண்ணே.