பச்சை அயினிக் கதவு

புது வீட்டுக்காக எங்கள் ஏலத்தோட்டத்து அயினி மரத்தை மார்கழியில் வெட்டினோம். அறுத்ததும் பலகை மஞ்சளாக இருந்தது. பால் கையில் பிசுபிசுத்தது. கரையான் அண்டாது, மழைக்கு மக்காது, கதவுக்கும் நிலைக்கும் அதை விட்டால் வேறு மரமில்லை என்பார்கள். எல்லாம் காய்ந்த பிறகுதான்.

"ஒரு வருசமாவது நெழல்ல கெடக்கணும். பச்சையில அடிச்சா மழைக்கு ஊதிரும்" என்றார் ஆசாரி.

"தவக்காலம் வந்துட்டா சாமியார வரவச்சு வீடு மந்திரிச்சுக் கறிச்சோறு போட முடியுமா?" என்றார் என் மாமியார். அத்தை சொன்னால் சொன்னதுதான். தவக்காலத்துக்கு முன்பே அத்தையின் பின்னறையில் அந்தக் கதவு நின்றது. வந்தவர்கள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கறிக்கு உட்கார்ந்தார்கள். சுவரை யாரும் தட்டவில்லை. அதில்தான் நாங்கள் மிச்சம் பிடித்திருந்தோம்.

ஆடி மழையில் ஒருநாள் காலை, வீட்டின் பின்மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் ஊற்றெடுத்தது. உடனே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி வார்டு மெம்பர் கத்திவிட்டுப் போனார். அத்தை சேலை மாற்றப் பின்னறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். ஈரத்தில் ஊதியிருந்த கதவு நிலையோடு இறுகிக்கொண்டது.

என் கணவர் வெளியிலிருந்து இழுத்தார். கைப்பிடிதான் கையோடு வந்தது. ஜன்னலில் இரும்புக் கம்பி. கோடாலியை எடுத்து ஓங்கினார். பாய்ந்த கோடாலி பலகையிலேயே மாட்டிக்கொண்டது.

"ஏல, கதவ வெட்டாதல!" என்று உள்ளிருந்து அத்தையின் குரல்.

உயிர் போகிற நேரத்திலும் கதவுக்கு வக்காலத்து! எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதற்குள் மேட்டில் மரம் முறியும் சத்தம் கேட்டது. கடப்பாரையை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"ஏங்க, கதவ விடுங்க! செவுத்த ஒடைங்க!"

கடப்பாரைக்கு அந்தச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டை வழியே அத்தையின் கைகளைப் பிடித்து இழுத்தேன். சேலை கிழிந்தது. நாங்கள் ரோட்டு வளைவை எட்டும்போது மேடு சரிந்து வீட்டின் மேல் இறங்கிவிட்டது.

அதன்பின் மாசி வரை அந்த வீட்டுக்குள் போக எங்களுக்கு மனம் வரவில்லை. போனபோது நல்ல வெயில். கோடாலி வெட்டோடு கதவு அப்படியே நின்றது. அத்தை கைப்பிடி இருந்த ஓட்டையில் ஒரு விரலை விட்டு லேசாக இழுத்தார். சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே அவருடைய கட்டிலை மூடி, ஜன்னல் உயரத்துக்கு மண்.

"இப்பத் தொறக்கியாக்கும், மூதேவி!" என்று கதவில் ஓங்கி அறைந்தார். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன்.