மொமோசேவுக்குப் படகில் ஓர் இடம்

கவாகுச்சியில் சைக்கிள் மணி செய்யும் எங்கள் பட்டறையில் மொமோசே யோஷிதாக்காவுக்கு இரண்டு வேலைகள். மணிகளுக்கு முலாம் பூசுவது ஒன்று; அதற்குச் சம்பளம் உண்டு. ஆண்டுதோறும் பட்டறையே கிளம்பிப் போகும் சுற்றுலாவை ஏற்பாடு செய்வது மற்றொன்று. அதற்கு வசவு உண்டு. ஒருமுறை சீட்டுக் குலுக்கியதில் அவர் பெயர் வந்தது. பிறகு குலுக்கவேயில்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தவரை விடுவிக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

அந்த வசந்தத்தில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. குடித்துவிட்டு உருண்டு கிடக்கும் சுற்றுலா போதும். கைகால் அசைய வேண்டும். மினாகாமி போய், பனி உருகி ஓடும் தோனே ஆற்றில் ரப்பர் படகில் எல்லோரும் இறங்க வேண்டும் என்றார். தான் இறங்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதுவரை நாங்கள் கேபிள் காரில் மேலே போனபோதெல்லாம் அவர் கீழே எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தவர்.

மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகக் கேட்டார்.

“எனக்கு எதுன்னாலும் சரி, மொமோசே சான். நீங்க பாத்து முடிவு பண்ணுங்க,” என்றார் கணக்குப் பார்க்கும் கருபே ஷினோபு அம்மாள்.

“மலைப்பாதையில சைக்கிள் ஓட்டலாமா?”

“வருஷம் பூரா மணிச் சத்தம் கேட்டது பத்தாதா?”

“சரி, மலையேறலாம்.”

“கரடி இருக்குமே.”

“பாலத்துலேர்ந்து கயிறு கட்டிக் குதிக்கிறது?”

“நீங்க முதல்ல குதிங்க. மேலே வந்தீங்கன்னா சொல்றேன்.”

“உங்களுக்கு என்னதான் வேணும்?”

“அதான் சொன்னேனே, எதுன்னாலும் சரி. ஆனா வெந்நீர் ஊத்து இருக்கணும். வெட்டவெளியில இருக்கணும். குளிக்கும்போது ஆறு தெரியணும். பால் மாதிரி கெந்தகத் தண்ணி வேணாம், வெள்ளி மோதிரம் கறுத்துடும்.”

விடுதியில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. சமையல்காரர் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கமாட்டாராம். ஒருவழியாகப் படகுதான் என்று முடிவானபோது, படகுக்காரர்களிடம் பிற்பகல் சவாரிதான் மிச்சம். குளிக்காமல் சாப்பிட உட்காருபவர் எங்களில் ஒருவரும் இல்லை. இந்த மூன்றையும் ஒரே மாலைக்குள் திணிப்பதற்குள் மொமோசே இரண்டு தட்டு மணிகளைக் கருக்கிவிட்டார்.

கடைசியில் ஒரு சிக்கல்: இரண்டு படகிலும் சேர்த்து ஒரே ஓர் இடம் குறைந்தது. “என் இடுப்புக்கு ஆறெல்லாம் ஆகாது. நான் வெந்நீர்ல கிடக்கேன்,” என்றார் முதலாளி ததேமாட்சு. பிறர் இடுப்பு வலிக்காக ஒருவர் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

ஆற்றங்கரையில் நாங்கள் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, ரப்பர் உடுப்பில் முதலாளி வந்து நின்றார்.

“எல்லாரும் ஜாலியா போறீங்க, நான் மட்டும் முட்டை மாதிரி வெந்நீர்ல வேகணுமா?”

“ரொம்ப சந்தோஷம், முதலாளி,” என்று மொமோசே குனிந்தார். நிமிரச் சற்று நேரம் பிடித்தது. தன் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். கரையில் நிற்கப்போகிறவர் என்றானதும் எல்லோரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினோம். படகுக்காரர் கண்ணாடிக்குக் கயிறு தந்திருந்தார். எங்களுக்கு நம்பிக்கை மொமோசே மீதுதான். முதலாளியுடையதையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

முதலாளி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். உடனே எடுத்தார்.

“மொமோசே, என் இடுப்பு ஞாபகம் வந்துடுச்சு. நீ போ, போ!”

முதலாளியின் மனம் மறுபடி மாறிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, மொமோசே சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு படகில் பாய்ந்தார். முதல் சுழிப்பில் படகு எகிறியது. மொமோசே துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் கத்திச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கேட்டது அன்றுதான். அவர் கழுத்திலிருந்த பை கழன்று ஆற்றோடு போனதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய கண்கள் பைக்குள் இருந்தன.

கரையேறியதும் கழுத்தைத் தடவினார். விஷயத்தைச் சொன்னார்.

வெந்நீர்க் குளத்தில் எல்லோரும் அவரைவிட்டு மறுகோடியில் ஊறினோம். மூங்கில் தடுப்புக்கு அப்பால், பெண்கள் பக்கத்திலிருந்து கருபே அம்மாளின் குரல் வந்தது.

“மொமோசே சான்! ஆறு தெரியணும்னு சொன்னேன்ல? இங்க வெறும் புகைதான் தெரியுது!”

“அது ஆவி, கருபே சான்.”

“எனக்கு ஆறும் ஆவியும் இன்னிக்கு ஒண்ணுதான்!”

விருந்தில் முதலாளியால் தன் உரையைப் படிக்க முடியவில்லை. எங்கள் பட்டறை வரலாற்றில் மிகச் சிறிய உரை அது: “அடுத்த வருஷம் ஏற்பாடு மொமோசே இல்ல, கருபே. கோப்பையை எடுங்க.”

மொமோசே குனிந்தார். இந்த முறை உடனே நிமிர்ந்தார்.

போன வாரம் புதுக் கண்ணாடியோடு கருபே அம்மாள் முலாம் அறைக்கு வந்தார். “மொமோசே சான், அடுத்த வருஷம் மலையா, கடலா? ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க.”

மொமோசே முலாம் தொட்டியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“எனக்கு எதுன்னாலும் சரி, கருபே சான். நீங்க பாத்து முடிவு பண்ணுங்க.”

அந்த அம்மாள் பெருமூச்சுவிட்டு வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தார்.

“ஆனா, படகு இருக்கணும்.”